பிள்ளைக்காகப் பேசும் கடிதம்



சில ஆண்டுகளுக்கு முன்பு, ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஆராதனை முடிந்து சபையார் கலைந்து சென்றபின் ஒரு சகோதரி மட்டும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருமணமாகி மும்பைக்கு வந்தவர், தாராவியில் குடியிருப்பவர். அவர் கையில் மகனுடைய பள்ளி டைரி இருந்தது. மகன் ஆங்கில வழிப் பள்ளியில் நான்காம் வகுப்புப் படிக்கிறான். டைரியைத் திறந்து காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. எழுதி முடிக்கவில்லை, கவனமில்லை, வீட்டுப்பாடம் செய்யவில்லை, பெற்றோர் வந்து பார்க்கவும்.

"பாஸ்டர், பள்ளி திறந்து இதற்குள் நான்கு முறை போய்விட்டேன். பையன் மந்தம், வேறு பள்ளி பாருங்கள் என்கிறார்கள். ஊருக்கு அனுப்பி ஆச்சியிடம் விட்டுவிடலாமா என்று இவன் அப்பா கேட்கிறார். நீங்கள் ஜெபித்துச் சொல்லுங்கள்" என்றார்.

"பள்ளிக்கு எழுத்தில் ஏதாவது கொடுத்திருக்கிறீர்களா, அம்மா?" என்று கேட்டேன்.

"எனக்கு இங்கிலீஷ் எழுத வராதே, பாஸ்டர். வாசலில் நின்று சொன்னேன். டீச்சர் தலையை ஆட்டினார்கள். அழுதுகொண்டே வந்துவிட்டேன்."

அந்தக் கேள்வியை நான் ஏன் கேட்டேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாயிருக்கிறது. ஆயினும் சொல்ல வேண்டும்.

அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்பு, நம்முடைய சபையிலேயே இப்படிப்பட்ட ஒரு சிறுவன் இருந்தான். ஞாயிறு பள்ளியில் கதையைக் கேட்டால் ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொல்வான். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் வாய் திறக்க மாட்டான். அவன் பெற்றோர் என்னிடம் வந்தபோது, "பொறுமையாயிருங்கள், ஜெபிப்போம், வயது வந்தால் சரியாகிவிடும்" என்று சொன்னேன். ஒருமுறை பள்ளிக்குத் தொலைபேசியில் பேசினேன். எழுத்தில் ஒன்றும் கொடுக்கவில்லை. கொடுக்கும்படி அவர்களுக்குச் சொல்லவும் இல்லை. ஆண்டுதோறும் ஆசிரியர் மாறினார். ஆண்டுதோறும் அதே ஏச்சு. ஒன்பதாம் வகுப்பில் தேறாமல் பள்ளியை விட்டு நின்றுவிட்டான். பின்பு ஒரு வாலிபர் கூடுகையில், விஷயம் நினைவில்லாமல், வேதபகுதியை வாசிக்கும்படி அவனை அழைத்தேன். எழுந்து நின்றான், வேதாகமத்தைப் பார்த்தான், ஒன்றும் பேசாமல் வெளியே போய்விட்டான். ஜெபம் செய்ததில் நான் தவறவில்லை. ஜெபித்துவிட்டுச் செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டேன்.

ஆகவே இந்த மாதம், கற்றலில் விசேஷித்த உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கு எப்படிக் கடிதம் எழுதுவது என்பதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். நான் கல்வி நிபுணன் அல்லன். அந்தத் தாயோடும் அவருக்குப் பின் வந்த சில குடும்பங்களோடும் உட்கார்ந்து எழுதி, பிழைவிட்டு, திருத்திக் கற்றுக்கொண்டதையே எழுதுகிறேன்.

கடிதம் எதற்கு?

வாசலில் நின்று சொன்ன வார்த்தை அன்று மாலையே மறந்துபோகும். ஐம்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆசிரியைக்கும் அது பாரமே. அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. ஜூன் மாதம் வந்தால் ஆசிரியை மாறுவார்; நீங்கள் சொன்னதும் அவரோடு போய்விடும். தேதியிட்டு எழுதிய கடிதமோ பள்ளியின் கோப்பில் தங்கும். புதிய ஆசிரியை அதை வாசிப்பார். பொதுத்தேர்வுக்குச் சலுகை கேட்கும் நாளில், இன்ன ஆண்டிலேயே பெற்றோர் தெரிவித்திருக்கிறார்கள் என்பதற்கு அது சாட்சியாக நிற்கும். அழுகையால் பேச்சுத் தடைபடுகிற தாய்க்கும், வேலையை விட்டு வரமுடியாத தகப்பனுக்கும் பதிலாக அது பேசும்.

நெகேமியாவை நினைத்துப் பாருங்கள். எருசலேமின் அலங்கம் இடிந்துகிடக்கிறதென்று கிஸ்லேயு மாதத்தில் கேள்விப்பட்டான், உபவாசித்து ஜெபித்தான். நிசான் மாதத்தில் ராஜாவின்முன் நின்றபோது மனதுக்குள் மறுபடியும் ஜெபித்தான்; பிறகு கடிதங்களைக் கேட்டான். நதிக்கு அப்புறத்திலுள்ள அதிபதிகளுக்கு வழிவிடும்படி ஒன்று. அரச வனத்தைக் காத்த ஆசாப்புக்கு மரம் கொடுக்கும்படி மற்றொன்று. அந்த மரம் கோட்டைவாசலுக்கு, அலங்கத்துக்கு, தான் தங்கும் வீட்டுக்கு என்று பிரித்துச் சொன்னான். யாருக்கு எழுதவேண்டும், என்ன வேண்டும், எதற்காக வேண்டும் என்பதில் அவனுக்கு மயக்கம் இருக்கவில்லை. நம்முடைய கடிதத்துக்கும் இந்த மூன்றே போதும்.

எழுதுமுன் இரண்டு வாரம் கவனியுங்கள்

பேனாவை எடுக்குமுன் ஒரு சிறு நோட்டில் இரண்டு வாரம் குறித்து வாருங்கள். எந்த நாளில், எந்தப் பாடத்தில், என்ன நடந்தது? கரும்பலகையிலிருந்து எழுதும்போது பாதியில் நிற்கிறானா? எழுத்துகளை இடம் மாற்றி எழுதுகிறானா? வாய்க்கணக்கைச் சரியாகச் சொல்லித் தாளில் தவறவிடுகிறானா? காலையில் பள்ளி என்றதும் வயிற்றுவலி வருகிறதா? விடுமுறையில் அந்த வலி இல்லாமற்போகிறதா?

முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். கண்ணாடியோ காதுக்கருவியோ கிடைத்ததும் பாதிப் பாரம் இறங்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். செவித்திறன் சோதனைக்கு மும்பையில் பாந்த்ராவிலுள்ள அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் இருக்கிறது.

பிறமாநிலத்தில் வாழும் நமக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. நம் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பாடத்தில் ஆங்கிலம். மகாராஷ்டிரமானால் மராத்தியும் உண்டு. பல மொழிகள் பேசுவது நோயல்ல. அதனால் ஒரு பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு உண்டாவதில்லை. ஆயினும் பள்ளியில் சிலர் "வீட்டில் தமிழ் பேசுவதால்தான் இப்படி" என்று சொல்லி விஷயத்தை முடித்துவிடுவார்கள். வேறு சிலர், ஊரிலிருந்து வந்து ஆறு மாதமே ஆன பிள்ளையை, புது மொழி பழகுமுன்னே மந்தன் என்று முத்திரை குத்துவார்கள். ஆகையால் தமிழில் அவன் எப்படி என்பதைக் கவனியுங்கள். கதையைக் கோர்வையாகச் சொல்கிறானா? ஞாயிறு பள்ளியில் தமிழ் எழுத்துகளைக் கற்றுக்கொடுத்தபோதும் இதே தடுமாற்றம் இருந்ததா? பேச்சு நன்றாயிருந்து, கற்ற ஒவ்வொரு மொழியிலும் வாசிப்பு மட்டும் இடறினால், அது ஆராயப்படவேண்டிய அடையாளம். இதைப் பள்ளி அறிய வழியில்லை, நீங்கள்தான் எழுதவேண்டும்.

கடிதத்தின் அமைப்பு

ஒரே பக்கத்துக்கு மிஞ்சவேண்டாம். தலைமை ஆசிரியருக்கு எழுதுங்கள். வகுப்பாசிரியைக்கு ஒரு பிரதி கொடுங்கள். தேதி, பிள்ளையின் பெயர், வகுப்பு, பிரிவு, பள்ளிப் பதிவேட்டு எண் ஆகியவை மேலேயே இருக்கட்டும். பிள்ளையிடம் உள்ள நன்மையை முதலில் எழுதுங்கள். அடுத்து, சிரமத்தை இரண்டு மூன்று நிகழ்ச்சிகளோடு சொல்லுங்கள். பின்பு, நீங்கள் கேட்பது என்ன என்பதை எண்ணிட்டு எழுதுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம். முடிவில், சந்திக்க ஒரு நாளும் எழுத்தில் பதிலும் கேளுங்கள். பெற்றோர் இருவரும் கையெழுத்திடுங்கள்.

அந்தத் தாய் தமிழில் சொல்லச்சொல்ல நாங்கள் எழுதிய கடிதம் ஏறக்குறைய இப்படியிருந்தது. பெயர் முதலியவை வரவேண்டிய இடங்களில் புள்ளியிட்டிருக்கிறேன்.

"நாள்: ......

பெறுநர்: தலைமை ஆசிரியர் அவர்கள், ......

பொருள்: 4-ஆம் வகுப்பு மாணவன் ......, பதிவேட்டு எண் ......, வாசிப்பிலும் எழுத்திலும் உள்ள சிரமம் குறித்து.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

எங்கள் மகன் மூன்று ஆண்டுகளாகத் தங்கள் பள்ளியில் படிக்கிறான். சென்ற ஆண்டு அவனுடைய ஆசிரியை வாய்மொழியாகக் கேட்ட கேள்விகளுக்கு நன்றாகப் பதில் சொன்னதாகத் தெரிவித்தார்கள். அதற்காக நன்றி கூறுகிறோம். கேட்டதை நினைவில் வைத்துக்கொள்வதிலும், படம் வரைவதிலும், மனக்கணக்கிலும் அவனுக்கு ஆர்வம் உண்டு.

வாசிப்பதும் எழுதுவதும் அவனுக்கு மிகக் கடினமாயிருக்கிறது. ஜூலை 4-ஆம் தேதி சுற்றுச்சூழல் பாடத்தில் கரும்பலகையிலிருந்த பத்து வரிகளில் மூன்றை மட்டும் எழுதியிருந்தான். அதே பாடத்தை வீட்டில் படித்துக் காட்டியபோது எல்லாக் கேள்விகளுக்கும் வாயால் பதில் சொன்னான். வீட்டில் நாங்கள் தமிழ் பேசுகிறோம். தமிழில் நன்றாகப் பேசுகிறான். தமிழ் எழுத்துகளைக் கற்பதிலும் இதே சிரமம் காணப்பட்டது. கண்ணும் காதும் பரிசோதித்தோம்; குறையில்லை.

தங்களிடம் நாங்கள் பணிவாய்க் கேட்பவை:
1. அவனை முன்வரிசையில் உட்காரவைத்து, எழுத அதிக நேரம் தரவேண்டும்.
2. வகுப்பின்முன் சத்தமாக வாசிக்கும்படி இப்போதைக்கு அழைக்காமல், தெரிந்ததை வாய்மொழியாகக் கேட்கவேண்டும்.
3. மருத்துவமனையில் அவனைச் சோதிப்பதற்காக, பள்ளியில் காணப்படும் சிரமங்களைக் குறித்து ஒரு கடிதம் தரவேண்டும்.

வீட்டில் நாங்கள் செய்யவேண்டியதைச் சொன்னால் செய்ய ஆயத்தமாயிருக்கிறோம். வரும் வாரத்தில் சனிக்கிழமை தவிர எந்த நாளிலும் இருவரும் வந்து சந்திக்கிறோம். தயவாய் எழுத்தில் பதில் தர வேண்டுகிறோம்.

இப்படிக்கு, ......"

பள்ளிக்குக் கொடுக்கும்போது இதை ஆங்கிலத்திலோ அந்த மாநில மொழியிலோ எழுதவேண்டும். சபையில் படித்த வாலிபர் ஒருவர் மொழிபெயர்க்கலாம். ஒரு எச்சரிப்பு: அவர்கள் பெரிய வார்த்தைகளைச் சேர்ப்பார்கள். எழுதியதை வரிவரியாகத் தமிழில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாதது ஏதும் அதில் இருக்கக்கூடாது. அந்தக் கடிதத்தின் கையெழுத்து உங்களுடையது.

பிள்ளைக்குப் பிள்ளை தேவை வேறுபடும். கேட்பதும் வேறுபட வேண்டும். காதுக்கருவி அணிந்த மகளுக்கு, ஆசிரியை அவள் முகம்பார்த்துப் பேசுவதும் வீட்டுப்பாடத்தை எழுதிக் காட்டுவதும் உதவும். ஆட்டிசம் உள்ள மகனுக்கு, நாளின் ஒழுங்கு மாறும்போது முன்கூட்டிச் சொல்வதும், சத்தம் மிகுந்தால் சற்று நேரம் அமைதியாய் உட்கார ஓரிடமும் உதவும். ஒரே இடத்தில் நிலைத்திருக்க முடியாத பிள்ளைக்கு, பெரிய வேலையைச் சிறு சிறு பகுதிகளாய்ப் பிரித்துக் கொடுப்பது உதவும். "விசேஷ கவனம் செலுத்துங்கள்" என்று மட்டும் எழுதினால், எதைச் செய்வதென்று ஆசிரியைக்கு விளங்காது. நாளைக் காலை வகுப்பில் செய்யக்கூடியதைக் கேளுங்கள்.

எழுதக்கூடாதவை

முதல் கடிதத்தில் குற்றச்சாட்டு வேண்டாம். ஆசிரியை பொறுப்பற்றவர் என்று எழுதினால், அவர் தன்னைக் காத்துக்கொள்ளப் பார்ப்பாரேயன்றி உங்கள் பிள்ளையைப் பார்க்கமாட்டார். மற்றப் பிள்ளைகளின் பெயரை எழுதவேண்டாம். கெஞ்சவும் வேண்டாம், மிரட்டவும் வேண்டாம். மிகைப்படுத்தவேண்டாம், எப்போதும், ஒருபோதும் என்ற சொற்களுக்குப் பதிலாகத் தேதியை எழுதுங்கள். மருத்துவ அறிக்கை இருந்தால் அதை மறைக்கவேண்டாம். நகலை இணைத்து, மூலத்தை வீட்டில் வையுங்கள்.

ஆவிக்குரிய காரணங்களை ஊகித்து எழுதவும் வேண்டாம். நம்மிடையே சிலர், இது பிதாக்களின் சாபம் என்றும், பரிசோதனைக்குப் போனால் அவிசுவாசம் என்றும் பேசுகிறார்கள். பிறவிக்குருடனைக் குறித்து யார் செய்த பாவம் என்று கேட்ட சீஷருக்கு ஆண்டவர் என்ன உத்தரவு கொடுத்தார் என்பதை யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் வாசித்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்குக் கண்ணாடி வாங்குவது அவிசுவாசமல்ல என்றால், அவன் எப்படிக் கற்கிறான் என்று சோதிப்பதும் அவிசுவாசமல்ல.

பரிசோதனையும் சான்றிதழும்

டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு அறிவின்மையல்ல. புத்திக்கூர்மை நன்றாயிருக்கும் பிள்ளைகளுக்கும் அது உண்டு. ஏறக்குறைய எட்டு வயதில்தான் அதை உறுதிப்படுத்துவார்கள். அதற்குமுன் உதவியைத் தொடங்கத் தடையில்லை. மருத்துவர், மனநல நிபுணர், விசேஷக் கல்வியாளர் எனப் பலர் பார்ப்பதால் பலமுறை போகவேண்டியிருக்கும், பொறுமை தேவை.

மும்பையில் சயான் மாநகராட்சி மருத்துவமனையில் கற்றல் குறைபாட்டுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. பெங்களூரில் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் சிறுவர் மனநலப் பிரிவு இருக்கிறது. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட அளவில் நடைபெறும் ஆரம்பத் தலையீட்டு மையங்களிலும் 18 வயதுவரை பார்க்கிறார்கள். தனியார் அறிக்கை பள்ளியில் பேச உதவும். தேர்வு வாரியத்திடம் சலுகை கேட்கும்போது, வாரியம் ஏற்றுக்கொள்ளும் அரசு மருத்துவமனையின் சான்றிதழ் தேவைப்படும். எதற்குச் செலவழிக்குமுன்னும் எந்தச் சான்றிதழ் செல்லுமென்று பள்ளியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் நிறைவேறி, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதிலுள்ள 21 வகைக் குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அடங்கும். அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள், இப்பிள்ளைகளைப் பாகுபாடின்றிச் சேர்க்கவேண்டும், அவரவர் தேவைக்கேற்ற வசதி செய்யவேண்டும், கற்றல் குறைபாட்டை இயன்றவரை விரைவில் கண்டறியவேண்டும் என்று அதன் 16-ஆம் பிரிவு கூறுகிறது. தேர்வில் கூடுதல் நேரம், எழுதுவதற்கு உதவியாளர், இரண்டாம் மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு ஆகியவற்றை 17-ஆம் பிரிவு குறிப்பிடுகிறது. நான்கு மொழிகளுக்கிடையே திண்டாடும் நம் பிள்ளைகளுக்குக் கடைசியாகச் சொன்னது பெரிய ஆறுதல்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நடக்கிறது. ஆறு முதல் பதினான்கு வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கானது. எட்டாம் வகுப்பு முடியுமுன் ஒரு பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கக்கூடாதென்று அது சொல்கிறது. 2019-இல் வந்த திருத்தத்தால் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் நிறுத்திவைக்க இடமுண்டு. வெளியே அனுப்ப இடமில்லை. அடிப்பதையும் மனதைப் புண்படுத்துவதையும் 17-ஆம் பிரிவு தடைசெய்கிறது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாதென்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. 2025-இல் வேறொரு அமர்வு அதை மறுபடியும் ஆராயும்படி கேட்டுக்கொண்டது. நம் பிள்ளைகளில் அநேகர் கிறிஸ்தவப் பள்ளிகளில் படிப்பதால் இதைச் சொல்கிறேன். அங்கே எழுதும்போது 2016-ஆம் ஆண்டின் சட்டத்தை ஆதாரமாகக் கொள்ளுங்கள்.

சட்டத்தை அறிந்திருங்கள், முதல் கடிதத்திலேயே அதை வீசவேண்டாம். பதில் வராமற்போனால் இரண்டாம் கடிதத்தில் ஒரே வரியில் குறிப்பிடுவது போதுமானது.

கொடுத்தபின் செய்யவேண்டியவை

எப்போதும் இரண்டு பிரதிகள் கொண்டுபோங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை, தேதி, கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

சந்திப்புக்குப் போகும்போது கணவனும் மனைவியும் சேர்ந்து போங்கள். திரும்பி வந்த அன்றைக்கே ஒரு சிறிய நன்றிக் கடிதம் எழுதுங்கள். இன்று எங்களைச் சந்தித்ததற்கு நன்றி. இன்னின்னதைச் செய்வதாகச் சொன்னீர்கள். நாங்கள் இன்னின்னதைச் செய்வோம் என்று நான்கு வரி போதும். வாயால் சொன்னது இந்த நான்கு வரியால் எழுத்தாகிவிடும். என் அனுபவத்தில் முதற்கடிதத்தைவிட இது அதிகப் பலன் தந்திருக்கிறது.

பதினைந்து நாளில் பதில் இல்லையேல், முதல் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு மறுபடியும் எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லையேல், கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அதிகாரியிடம் எழுத்தில் முறையிடலாம். மூன்று மாதத்துக்குள் அவர் தீர்மானிக்கவேண்டும். அதற்குமேல் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் உண்டு. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமும் எழுதலாம். அப்போது உங்கள் கையிலுள்ள முத்திரையிட்ட பிரதிகளே உங்கள் சாட்சிகள்.

எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் தேதி வரிசைப்படி வையுங்கள். நாமோ வாடகை வீடு மாறுகிறவர்கள். வேலையினிமித்தம் நகரம் மாறுகிறவர்கள். வேறு பள்ளியில் சேர்க்கும் நாளில் மாற்றுச் சான்றிதழோடு அந்த ஃபைலும் போகட்டும்.

பொதுத்தேர்வுக்குக் காத்திருக்கவேண்டாம்

பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கும்போது ஓடிவரும் பெற்றோர் உண்டு. அப்போது சான்றிதழ் பெறவும் நேரமிருக்காது, வாரியத்துக்கு விண்ணப்பிக்கவும் நேரமிருக்காது. விண்ணப்பம் பள்ளியின் வழியாகவே போகவேண்டும். ஒன்பதாம் வகுப்பின் தொடக்கத்திலேயே எழுதுங்கள். மகாராஷ்டிர அரசு இத்தகைய மாணவர்களுக்குத் தேர்வுச் சலுகைகளை 1996-லேயே அங்கீகரித்தது. சி.பி.எஸ்.இ. வாரியம் மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக அளிக்கிறது.

பிறர் எழுதிக்கொடுத்தால் அது ஏமாற்று ஆகாதா என்று ஒரு தகப்பன் என்னிடம் கேட்டார். பவுல் ரோமருக்கு அனுப்பிய நிருபத்தைக் கையால் எழுதினவன் தெர்தியு. கை தெர்தியுவினுடையது, உபதேசம் பவுலினுடையது. அதை ஏமாற்று என்று ஒருவரும் சொன்னதில்லை.

சபை செய்யக்கூடியது

ஆங்கிலமும் மாநில மொழியும் எழுதத் தெரிந்தவர்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும். அநேகக் குடும்பங்களின் பாரம் இறங்கும். அங்கே கேட்டது அங்கேயே நிற்கவேண்டும். ஒரு பிள்ளையின் குறைவை ஜெபக்குறிப்பு என்ற பெயரில் எல்லாரிடமும் பரப்புவது அன்பல்ல. ஞாயிறு பள்ளி ஆசிரியர்களே, வாசிக்கத் தயங்கும் பிள்ளையை எழுப்பி நிறுத்தாதேயுங்கள். நான் செய்த பிழையை நீங்கள் செய்யவேண்டாம்.

தொடக்கத்தில் சொன்ன அந்தத் தாய்க்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கடிதத்தைக் கொடுத்து ஒன்பது நாளில் தலைமை ஆசிரியை அழைத்தார். இருவரும் போனார்கள். முன்வரிசை இடம் மறுநாளே கிடைத்தது. மருத்துவமனைக்கான கடிதம் கிடைக்க ஒரு நினைவூட்டல் தேவைப்பட்டது. சோதனைகள் முடிய மாதங்கள் சென்றன. கற்றல் குறைபாடு என்று அறிக்கை வந்தது. அதை வாசித்த தகப்பன், "இத்தனை நாள் சோம்பேறி என்று அடித்தேனே" என்று சொல்லி மகனைச் சேர்த்து அணைத்துக்கொண்டார். ஊருக்கு அனுப்பும் பேச்சு நின்றது. பையன் இன்றும் மெதுவாகத்தான் வாசிக்கிறான். ஆனால் காலை வயிற்றுவலி போயிற்று.

அந்த முதற்கடிதத்தை எழுதி முடித்த மாலையில், "பாஸ்டர், நீங்களே கையெழுத்துப் போட்டுவிடுங்கள், உங்களுக்குத்தான் மரியாதை" என்று அந்தச் சகோதரி பேனாவை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. சற்றுத் தயங்கி, ஆங்கிலக் கடிதத்தின் அடியில் தமிழில் தன் பெயரை எழுதினார். அந்தக் கையெழுத்தைப் பள்ளி ஏற்றுக்கொண்டது.

வாசிக்க எழும்பி வெளியே போன அந்த வாலிபனுக்காக நான் எழுதாமல் விட்ட கடிதம் இன்னும் என் மனதில் பாரமாயிருக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளைக்காக எழுதவேண்டிய கடிதம் ஒன்று இருக்குமானால், இந்த வாரமே முழங்காலில் நின்று ஜெபியுங்கள்; எழுந்தபின் ஒரு தாளை எடுத்து மேலே தேதியை எழுதுங்கள். கர்த்தர் உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் துணை நிற்பாராக.